ஒரோச்சென் மொழியும் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டிய மலைக்காடுகளில் குதிரையும் துப்பாக்கியுமாக வேட்டையாடி வாழ்ந்த ஒரு சிறிய இனம் ஒரோச்சென். இவர்களைப் பற்றித் தமிழில் தேடினால் அதிகம் கிடைக்காது, கிடைப்பதிலும் மொழியைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். அதனால் மொழிக்கு இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரோக்கென் என்று சொல்ல வேண்டுமா, ஒரோச்சென் என்றா?

ஒரோச்சென். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'க்யூ' எழுத்தைப் போடுகிறார்கள், அதைப் பார்த்து நம்மில் பலர் ஒரோக்கென் என்று படிக்கிறோம். சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அந்த எழுத்துக்குக் கிட்டத்தட்ட 'ச்ச' ஒலி. சீனர்கள் தங்கள் பேச்சில் ஏலுன்ச்சுன் என்பது போலச் சொல்வார்கள்.

பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: துருவமான் வைத்திருப்பவர்கள் என்பது ஒன்று, மலைமேல் இருப்பவர்கள் என்பது இன்னொன்று. துருவமானுக்கு இந்த மொழியில் ஒரோன் என்று பெயர். இன்றைய ஒரோச்சென்களிடம் துருவமான் கிடையாது, பல தலைமுறைகளாகக் குதிரைதான். அவர்களுடைய முன்னோர் ஆமூர் ஆற்றுக்கு வடக்கே இருந்த காலத்தில் துருவமான் வளர்த்தார்கள், தெற்கே வந்தபின் அது கைவிட்டுப் போனது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

சரியாக எந்த இடத்தில் இருக்கிறார்கள்?

பெரிய கிங்கான், சிறிய கிங்கான் என்ற இரண்டு மலைத்தொடர்களில். ஆட்சி எல்லையை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கம். மேற்கே உள்மங்கோலியாவில் ஹுலுன்புயிர் பகுதியைச் சேர்ந்த ஒரோச்சென் தன்னாட்சி வட்டம், 1951-ல் உருவானது, தலைநகர் அலிஹே. கிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ஷிபாஜான், பாய்யின்னா, ஷின்ஷெங் போன்ற சிறிய ஊர்கள். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும் இடங்கள் இவை.

பதினேழாம் நூற்றாண்டு வரை இவர்களில் பெரும்பாலோர் ஆமூருக்கு வடக்கே இருந்தார்கள். ரஷ்யர்கள் கிழக்கே பரவியபோது ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்தார்கள். பிறகு மஞ்சு அரசர்களின் சிங் ஆட்சியின் கீழ் ஆண்டுதோறும் சேபிள் என்ற சிறு விலங்கின் ரோமத்தோலைக் கப்பமாகக் கட்டினார்கள். அப்போதெல்லாம் தங்களை ஆற்றின் பெயரால்தான் அடையாளப்படுத்திக்கொண்டார்கள். குமாரா ஆற்றங்கரைக்காரர்கள் குமார்ச்சென், இன்னொரு பிரிவினர் பிரார்ச்சென். பிரா என்றால் ஆறு.

ரஷ்யாவில் ஒரோச், ஒரோக் என்று இனங்கள் இருக்கின்றனவே, அவர்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. மூவரும் துங்குசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது, அவ்வளவுதான். ஒரோச் மக்கள் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் கபரோவ்ஸ்க் பகுதிக்காரர்கள். ஒரோக் என்பவர்கள் சகாலின் தீவில் இருப்பவர்கள், தங்களை உயில்தா என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஒரோச்சென்னுக்கு உண்மையிலேயே நெருக்கமானவர்கள் சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் வாழும் எவங்கிகள்.

மொத்தம் எத்தனை பேர்? அதில் எத்தனை பேருக்கு மொழி தெரியும்?

சீன மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி 2000-ல் 8,196 பேர், 2010-ல் 8,659 பேர், 2020-ல் 9,168 பேர். 1953-ல் இந்த எண்ணிக்கை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஆக, எழுபது வருடத்துக்குள் நான்கு மடங்காகியிருக்கிறது. இதை மட்டும் பார்ப்பவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

மொழி எதிர்த்திசையில் போயிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த மதிப்பீடுகள் பேசுபவர்கள் சுமார் 1,200 பேர் என்றன, அன்றே அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள். யுனெஸ்கோவின் அழிவாபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் இது இருக்கிறது. வீட்டில் குழந்தைகளிடம் இந்த மொழியில் பேசும் வழக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. பாட்டி பேசுவார், அம்மாவுக்குப் புரியும், பிள்ளைக்கு ஒரு பாட்டும் சில சொற்களும் தெரியும் என்ற நிலைதான் பல வீடுகளில்.

எண்ணிக்கை கூடியதற்குக் கலப்புத் திருமணம் ஒரு முக்கியக் காரணம். அப்பா அல்லது அம்மா ஒருவர் ஒரோச்சென்னாக இருந்தாலே குழந்தையை ஒரோச்சென் என்று பதியலாம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சலுகை மதிப்பெண், ஒரே குழந்தைக் கொள்கை இருந்த காலத்தில் அதில் தளர்வு என்று சிறுபான்மையினருக்குச் சில சலுகைகள் உண்டு, அதனால் பெற்றோர் அப்படியே பதிந்தார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் ஒரோச்சென் பிள்ளைகள்தான். ஆனால் தலையை எண்ணி மொழியை அளக்க முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழிக் குடும்பம்? எவங்கி மொழியும் இதுவும் ஒன்றுதான் என்கிறார்களே?

துங்குசியக் குடும்பத்தின் வடக்குக் கிளை. ஒரு காலத்தில் சீனாவையே ஆண்ட மஞ்சுகளின் மொழியும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அது வேறு கிளை. எண்களைப் பார்த்தால் உறவு தெரியும். ஒரோச்சென்னில் ஒன்று உமுன், இரண்டு ஜூர், மூன்று இலான், ஏழு நதான், பத்து ஜான். மஞ்சுவில் மூன்று இலான், ஏழு நதான், பத்து ஜுவான்.

எவங்கிக்கு இது எவ்வளவு நெருக்கம் என்றால், தனி மொழியா, கிளைமொழியா என்று மொழியியலாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் அளவுக்கு நெருக்கம். சைபீரியாவில் தொடங்கி மஞ்சூரியா வரை ஒரே பேச்சு மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வருகிறது, நடுவில் எங்கே கோடு போடுவது? சீன அரசு 1950-களில் இன வகைப்பாடு செய்தபோது ஒரோச்சென், எவங்கி என்று இரண்டு இனமாகப் பதிவு செய்தது, மொழிகளும் இரண்டாகிவிட்டன. என்னைக் கேட்டால், பேசுபவர்கள் தங்களுடையதைத் தனி மொழி என்று கருதுகிறார்கள், அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள், அதற்கு மேல் வாதாடிப் பயனில்லை.

மொழி எப்படி இருக்கும்? இலக்கணம் கடினமா?

தமிழ் தெரிந்தவருக்கு முதல் பார்வையில் அவ்வளவு அந்நியமாக இருக்காது. வினை கடைசியில் வரும். வேர்ச்சொல்லோடு ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். வேற்றுமை உருபு உண்டு. குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். ஆண்பால், பெண்பால் என்ற இலக்கணப் பாகுபாடு கிடையாது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' மிதி, சேர்க்காத 'நாங்கள்' பு, என்று இரண்டு உண்டு. நம் இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று சொல்வோமே, அதே வேறுபாடு. அவன் தன் குதிரையை விற்றான், அவன் அவனுடைய குதிரையை விற்றான் என்ற இரண்டில் முதலாவது சொந்தக் குதிரை என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும், இந்த மொழியில் அதற்குப் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தனி விகுதியே இருக்கிறது.

தமிழில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. உயிரிசைவு. ஒரு சொல்லில் வரும் உயிரொலிகள் எல்லாம் ஒரே அணியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், பின்னால் ஒட்டும் உருபும் அதற்கேற்பத் தன் உயிரை மாற்றிக்கொள்ள வேண்டும். மீனுக்கு ஒலொ. 'மீனை' என்று சொல்ல உருபு சேர்த்தால் ஒலொவொ. முன்னால் இரண்டு ஒகரம் இருப்பதால் உருபும் ஒகரமாகிவிட்டது. சரி, மரத்துக்கு மோ. அப்படியென்றால் 'மரத்தை' மோவொ என்றுதானே வர வேண்டும்? வராது, மோவ என்றுதான் வரும். உருபின் இதழைக் குவிக்க ஒகரம் ஓர் அசையில் இருந்தால் போதாது, அடுத்தடுத்து இரண்டு அசைகளில் இருக்க வேண்டும், அந்த ஒரே அசை நெடிலாக இருந்தாலும் கணக்கில் சேராது. ஒலியியல் படிக்கிறவர்கள் உலகம் முழுக்க ஒரோச்சென்னின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது பெரும்பாலும் இந்த விதியால்தான்.

இன்னொன்று, உடைமையைக் காட்டும் விதம். என் உடலோடு பிறந்த தலை, நான் வேட்டையாடிக் கொண்டுவந்த மானின் தலை, இரண்டும் 'என் தலை'தான். துங்குசிய மொழிகள் இரண்டாவதற்கு நடுவில் ஓர் ஒட்டைச் சேர்த்து வேறுபடுத்துகின்றன, ஒரோச்சென்னும் அப்படித்தான். என் சதை, என் பங்குக்கு வந்த இறைச்சி, இதற்கும் அதே முறை. வேட்டைக்காரக் குடும்பத்தில் இந்த வேறுபாடு தினமும் தேவைப்பட்டிருக்கும்.

தமிழோடு உறவு உண்டா?

கிடையாது. மேலே சொன்ன ஒற்றுமைகளைப் படித்ததும் இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வினை கடைசியில் வருவதும் ஒட்டுகள் சேருவதும் ஜப்பானியம், துருக்கியம், கெச்சுவா என்று உலகத்தின் பல மூலைகளில் உண்டு. உறவை நிறுவ வேண்டுமென்றால் அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலி ஒப்புமை வேண்டும், இங்கே அது இல்லை. துங்குசியம், மங்கோலியம், துருக்கியம் மூன்றும் அல்தாயிக் என்ற ஒரே குடும்பம் என்ற கருத்தையே இன்று பல அறிஞர்கள் ஏற்பதில்லை, அவை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும்.

எழுத்து உண்டா?

சொந்த எழுத்து இல்லை. சிங் ஆட்சியில் அதிகாரிகளோடு தொடர்பு வைத்திருந்த சிலர் மஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தார்கள். இன்று படிப்பு, எழுத்து எல்லாம் சீன மொழியில்தான். மொழியியலாளர்கள் பன்னாட்டு ஒலியெழுத்தில் பதிவு செய்கிறார்கள். பாடப்புத்தகம் தயாரிப்பவர்களும் பாட்டு எழுதிவைப்பவர்களும் சில சமயம் ரோமன் எழுத்திலும் சில சமயம் சீன எழுத்துகளின் ஒலியை வைத்தும் எழுதுகிறார்கள். சீன எழுத்தில் எழுதினால் குறில் நெடில் காணாமல் போகும், மெய்யில் முடியும் சொல்லுக்கெல்லாம் பின்னால் ஒரு உயிர் ஒட்டிக்கொள்ளும், உயிரிசைவு உருத்தெரியாமல் போகும். அப்படிக் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் வாயில் வருவது பாட்டி பேசிய மொழியின் ஒலி அல்ல. ஒரு நிலையான எழுத்துமுறையை முன்பே ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காட்டில் எப்படி வாழ்ந்தார்கள்?

மூன்று விஷயம் தெரிந்தால் பாதி வாழ்க்கை புரிந்துவிடும்: ரோ மான், பிர்ச் மரம், குதிரை.

ரோ மான் என்பது அந்தக் காடுகளில் நிறைய இருந்த நடுத்தர அளவு மான். இறைச்சி உணவு, தோல் உடை, படுக்கை, கையுறை, காலணி, வீட்டுக்குக் கூரை. கோடையில் அடித்த மானின் தோலில் ரோமம் குட்டையாகச் செம்மை கலந்து இருக்கும், அது கோடை உடைக்கு. குளிர்காலத் தோல் அடர்த்தியானது, அது கடும் குளிருக்கு. தோலைப் பதப்படுத்துவது பெண்களின் வேலை. புளிக்கவைத்த மான் ஈரலைத் தோலின் உட்புறத்தில் பூசி ஊறவிட்டு, பிறகு பல் வைத்த கருவியால் சுரண்டி, துணி போல மெதுவாகும் வரை விடாமல் பிசைவார்கள். தைக்க நூல் கிடையாது, விலங்கின் தசைநார்தான். காதும் கொம்புமாக மான் தலைத்தோலை அப்படியே வைத்துத் தைத்த தொப்பி இவர்களுடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. வேட்டையில் அதைப் போட்டுக்கொண்டு புல்லுக்குள் குனிந்தால் மானுக்குச் சந்தேகம் வராது. பிர்ச் பட்டையில் ஒரு சிறிய ஊதலும் செய்வார்கள். அதை வாயில் வைத்து ஊதினால் குட்டி மான் கத்துவது போலக் கேட்கும், தாய்மான் தேடிக்கொண்டு வரும்.

பிர்ச் மரத்தின் பட்டை அகலமாக உரியும். இமயமலைப் பக்கம் ஏட்டுச்சுவடிக்குப் பயன்பட்ட பூர்ஜப்பட்டையும் இதே இன மரத்துடையதுதான். ஒரோச்சென்கள் அந்தப் பட்டையில் தண்ணீர் வாளி, தையல் பெட்டி, கிண்ணம், தொட்டில், படகு என்று எல்லாம் செய்தார்கள். மரத்தில் சாறு ஓடும் கோடைத் தொடக்கத்தில் உரித்து, வேகவைத்து மென்மையாக்கி, மடித்துத் தைத்து, எலும்புக் கருவியால் அழுத்தி மேலே பூவேலை செய்வார்கள். ஓட்டைக் காசு போல இலேசு, கீழே விழுந்தால் உடையாது, குதிரை மேல் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு மண்பானையைவிட இதுதான் தோது. இந்தப் பட்டைக் கைவினையைச் சீனா 2006-ல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வீட்டுக்குச் சியெரன்ஜு என்று பெயர். இருபது முப்பது கம்புகளைக் கூம்பாகச் சாய்த்து, கோடையில் பிர்ச் பட்டையாலும் குளிர்காலத்தில் மான் தோலாலும் மூடுவார்கள். நடுவில் நெருப்பு, உச்சியில் புகை போக ஓட்டை. நெருப்புக்குப் பின்னால், வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் இடம் மாலு. சாமி உருவங்களை வைக்கும் இடம் அது, பெண்கள் அங்கே உட்காரக்கூடாது. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு முகாமாக இருக்கும். வேட்டைக்கு நாலைந்து பேர் குழுவாகப் போய் அவர்களுக்குள் ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்வார்கள், கிடைத்த இறைச்சியை வேட்டைக்குப் போகாத முதியவர், விதவை வீட்டுக்கும் சேர்த்துப் பங்கு வைப்பார்கள்.

முற்றிலும் தனித்து வாழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ரஷ்யாவிலிருந்து பெர்டான் துப்பாக்கி வந்துவிட்டது. பக்கத்து இனத்தவரான தாவூர் வியாபாரிகள் மாவு, உப்பு, துணி, வெடிமருந்து கொண்டுவந்து ரோமத்தோலை வாங்கிப் போனார்கள், கணக்கில் ஏமாற்றவும் செய்தார்கள். அந்தத் தொடர்பால் பழைய தலைமுறை ஒரோச்சென்கள் பலர் தாவூர் மொழியும் சரளமாகப் பேசினார்கள். அது மங்கோலியக் குடும்ப மொழி. இரண்டு மூன்று மொழி தெரிந்திருந்தும் சொந்த மொழி அப்போது குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கரடியைக் கும்பிடுவார்களாமே, ஆனால் வேட்டையும் ஆடுவார்களாமே?

இரண்டும் உண்மை. கரடியை அதன் பெயரால் குறிக்க மாட்டார்கள், மூத்த உறவினரை அழைக்கும் சொல்லால்தான் குறிப்பார்கள். கொன்றதும் கொன்றோம் என்று சொல்வதில்லை. தலையைத் தனியே எடுத்து, பெரியவர் இறந்தால் செய்வது போல மரத்தின்மேல் வைத்து மரியாதை செய்வார்கள், முன்பெல்லாம் மனிதருக்கும் மர அடக்கம்தான். மலைக்கு பாய்னாச்சா என்ற தெய்வம். ஒரு பெரிய மரத்தின் அடியில் பட்டையைச் செதுக்கி முகம் வரைந்து, அந்த வழியாகப் போகும்போது இறங்கி வணங்கிவிட்டுப் போவார்கள். நெருப்பும் தெய்வம். அதில் எச்சில் துப்பக்கூடாது, சாப்பிடும் முன் ஒரு துண்டு இறைச்சியோ ஒரு வாய் சாராயமோ அதற்குப் போட வேண்டும்.

ஷாமன்கள் இப்போது இருக்கிறார்களா?

ஷாமன் என்றால் ஆவிகளை அழைத்துச் சடங்கு செய்பவர். பழைய முறையில் தீட்சை பெற்றவர்கள் இப்போது இல்லை. ஷாமன் என்ற சொல்லே துங்குசிய மொழிகளிலிருந்து உலகத்துக்குப் போன சொல், அதைத் தந்த மக்களிடம் அந்த மரபு முறிந்தது 1952-ல். அந்த ஆண்டு ஜூலையில் மூடநம்பிக்கையை ஒழிக்கிறோம் என்று கட்சிக்காரர்கள் வந்து வற்புறுத்தியதால், குமாரா பகுதி ஷாமன்கள் சேர்ந்து மூன்று இரவுகள் சடங்கு செய்து, ஆவிகளிடம் எங்களை விட்டுப் போய்விடுங்கள், இனி அழைக்க மாட்டோம் என்று வேண்டிக்கொண்டார்கள். அதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் சுவொன்னாசுவான், சீனப் பெயர் மெங் ஜின்ஃபூ. பிற்காலத்தில் ஆய்வாளர்களிடம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். 2000-ல் இறந்தார். பாய்யின்னாவில் இருந்த குவான் கோவ்னி என்ற பெண் ஷாமன் 2019-ல் இறந்தார். ஷாமன் பாடல்களில் மட்டும் புழங்கிய பழஞ்சொற்களும் தெய்வப் பெயர்களும் அன்றாடப் பேச்சில் கிடையாது. அதனால் இது சமயத்துக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பு என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

பெயர்கள் ஏன் எல்லாம் சீனப் பெயராக இருக்கின்றன?

ஒவ்வொரு குலப்பெயரையும் சீனத்தில் ஒற்றையெழுத்துக் குடும்பப் பெயராகச் சுருக்கிவிட்டார்கள். மனாயிர் குலத்தார் மெங், குராயிர் குலத்தார் குவான், கெவாயிர் குலத்தார் கெ. அதே போல வு, வெய், பாய். ஒரே குலத்துக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற விதி இருந்ததால் இந்தப் பெயர்கள் இன்றும் அவர்களுக்குள் முக்கியம். ஒரு மெங்கும் ஒரு குவானும் சந்தித்தால் யார் யாருக்கு என்ன முறை என்று பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் மொழி ஏன் இவ்வளவு வேகமாகக் குறைந்தது?

சீனப் பள்ளி வந்தது, மொழி போனது என்று ஒரு வரியில் பதில் சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. இந்த மொழியைப் பேசியே ஆக வேண்டிய இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, அதுதான் நடந்தது.

முதலில் ஜப்பானியர்கள் வந்தார்கள். 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும், வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் அமைத்த மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசின் காலத்தில், ஒரோச்சென் ஆண்களைக் காட்டுப் படைகளில் சேர்த்தார்கள், அபினைக் கொடுத்தார்கள், நோய் பரவியது. இரண்டாயிரத்துச் சொச்சம் என்ற 1953-ஆம் ஆண்டு எண் அந்தக் கொடுமையின் விளைவு.

பிறகு குடியமர்த்தல். 1953-ல் ஹெய்லோங்ஜியாங்கில் தொடங்கி 1950-களின் முடிவுக்குள் எல்லோரையும் மர வீடுகள் கட்டிய ஊர்களுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவம் கிடைத்தது, குழந்தைகள் பிழைத்தார்கள், இதை மறுக்கவே முடியாது. வேட்டை தொடர்ந்தது, ஆனால் ஆண்கள் காட்டுக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் என்று பிரிந்தார்கள். மொழியைக் கேட்டுக்கொண்டே வளரும் முகாம் வாழ்க்கை அதோடு முடிந்தது.

மூன்றாவது, மரம். எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் பெரியது இதுதான். 1960-களில் இருப்புப்பாதை போட்டார்கள், பெரிய கிங்கானை வெட்டத் திறந்தார்கள், தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வந்து குடியேறினார்கள். ஒரோச்சென் தன்னாட்சி வட்டத்தில் 2010-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், அதில் ஒரோச்சென்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். பெயரில் அவர்களுடைய வட்டம், தெருவில் நடந்தால் கேட்பது சீனம். அந்த வட்டத்துக்குள்ளேயே ஜியாகெதாச்சி, சொங்லிங் என்ற இரண்டு பகுதிகள், ஏறக்குறைய 18,000 சதுர கிலோமீட்டர், மரத்தொழிலுக்காகப் பக்கத்து மாகாணமான ஹெய்லோங்ஜியாங்கின் நிர்வாகத்தில் இருக்கின்றன. நிலம் உள்மங்கோலியாவில், அலுவலகம் ஹெய்லோங்ஜியாங்கில். இப்படி நான்கு பக்கமும் சூழ்ந்த பிறகு கடையில் உப்பு வாங்கக்கூட வேறு மொழி வேண்டும். அடுத்த தலைமுறைக்குள் வீட்டில் மருமகளோ மருமகனோ சீனர், சாப்பாட்டு நேரத்துப் பேச்சும் மாறிவிட்டது.

கடைசியாக 1996.

1996-ல் என்ன நடந்தது? வேட்டைத் தடை சரியா தவறா?

ஜனவரி 1996-ல் ஒரோச்சென் தன்னாட்சி வட்டம் வேட்டையைத் தடை செய்தது. வேட்டைக்காரர்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டு விவசாயத்துக்கு மாற வேண்டும் என்றார்கள். காட்டில் விலங்கு குறைந்துவிட்டது என்பது காரணம், அது பொய்யல்ல. ஆனால் விலங்கு குறைந்ததற்குப் பல பத்தாண்டு மரவெட்டும், வெளியிலிருந்து வந்து குடியேறிய கூட்டமும், கண்ணி வைத்துப் பிடித்த கள்ள வேட்டையும் முக்கியக் காரணங்கள். ஒரோச்சென் வேட்டைக்காரக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான வருடங்களாக அதே காட்டில் அதே மானை அடித்துக்கொண்டிருந்தபோது மான் தீர்ந்துபோகவில்லை. மரவெட்டு நிற்க இன்னும் இருபது வருடம் ஆனது. ஹெய்லோங்ஜியாங் பக்கத்தில் வணிக மரவெட்டு 2014-லும் உள்மங்கோலியாப் பக்கத்தில் 2015-லும்தான் நின்றது. முதலில் நிறுத்தியிருக்க வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொழிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மானின் வயதுக்கு ஒரு சொல், அது ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு சொல், பருவத்துத் தோலுக்கு ஒரு சொல், தடத்துக்கு, பனியின் நிலைக்கு, குதிரைச் சேணத்தின் ஒவ்வொரு பட்டைக்கும் சொல் என்று இருந்த மொழி இது. குடியமர்த்திய பிறகும் ஆண்கள் காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்கும்போது பேச்சு முழுக்க ஒரோச்சென்தான், கூடப் போகும் பையனும் அதைக் கற்றுக்கொண்டு வருவான். அந்தக் கடைசி வகுப்பறையும் 1996-ல் மூடப்பட்டது. சோயாவும் கோதுமையும் பயிரிடச் சொல்லிக்கொடுத்தவர்கள் சீன மொழியில் சொல்லிக்கொடுத்தார்கள், உர மூட்டையில் எழுதியிருந்ததும் சீனம்தான்.

கதை, பாட்டு உண்டா?

நிறைய. மொசுகுன் என்பது பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் நீண்ட கதை. பல இரவுகள் தொடரும், அரக்கனோடு போரிடும் வீரன், தாயை இழந்த பிள்ளை என்று பொருள் விரியும். பக்கவாத்தியம் கிடையாது, ஒருவர் குரல்தான். 2006-ல் இதுவும் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. சந்தரென் என்பது குதிரை மேலும் மலை மேலும் நின்று நீட்டிப் பாடும் பாட்டு, வரியை அப்போதைக்கப்போது கட்டிப் பாடுவார்கள். பட்டியலில் சேர்ந்தபின் மேடையில் பாட்டைக் கேட்க முடிகிறது, ஆனால் மேடைக்கு ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்கள். பல இரவுக் கதையைச் சொல்லத் தெரிந்தவரும், மொழி புரிந்து உட்கார்ந்து கேட்பவரும் ஒரே அறையில் கிடைப்பதுதான் இப்போது அரிது.

கசியான் குகைக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

கசியான் குகை அலிஹே ஊரிலிருந்து பக்கம்தான். 1980-ல் அதன் சுவரில் கி.பி. 443-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசன் தன் முன்னோர் வாழ்ந்த இடம் என்று ஆளனுப்பிப் பொறித்தது. அந்த அரசர்கள் ஷியான்பெய் இனத்தவர், அவர்களுடைய மொழி மங்கோலியத்துக்கு நெருக்கமானது என்று கருதப்படுகிறது. ஆகவே இது ஒரோச்சென்களின் முன்னோர் குகை என்று சொல்வது சரியல்ல. ஒரோச்சென்களிடம் அந்தக் குகையைப் பற்றிச் சொந்தமாக ஓர் அரக்கன் கதை இருக்கிறது, எனக்கு அது கல்வெட்டைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இப்போது என்ன செய்கிறார்கள்?

விவசாயம், அரசு வேலை, ஆசிரியர் வேலை, காட்டு அவுரிநெல்லியும் மரக்காளானும் எடுத்து விற்பது, சுற்றுலா. இளைஞர்கள் மற்ற சீன இளைஞர்களைப் போலவே நகரத்துக்குப் போகிறார்கள். ஜூன் 18 அன்று நெருப்புத் திருவிழா கொண்டாடுகிறார்கள். 1990-களில் ஏற்படுத்திய விழா இது, பழைய நெருப்பு வழிபாட்டின் மேல் கட்டியது. வேடிக்கை விழா என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தூரத்து ஊர்களில் சிதறிக் கிடக்கும் உறவுகள் ஓரிடத்தில் கூடி, முதியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் மொழியில் பேசிக்கொள்ளும் நாள் வருடத்தில் எத்தனை இருக்கும்?

மொழியைக் காப்பாற்ற ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது, போதவில்லை. சில ஊர்ப் பள்ளிகளில் ஒரோச்சென் பாடம் உண்டு, பாடப்புத்தகங்கள் வந்திருக்கின்றன. 1980-களில் சீன அறிஞர்கள் இலக்கணக் குறிப்புகளும் சொற்பட்டியல்களும் வெளியிட்டார்கள். பிறகு ஃபெங்ஷியாங் லி, லிண்ட்சே வேலி என்ற மொழியியலாளர்கள் இருவரும் களத்துக்குப் போய்ப் பதிவு செய்து எழுதினார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு வகுப்பில் எண், விலங்குப் பெயர், ஒரு வணக்கம் கற்றுக்கொள்ளும் குழந்தை பேசக் கற்றுக்கொள்வதில்லை, அதை ஆசிரியர்களும் நன்றாக அறிவார்கள். பேசத் தெரிந்த முதியவரோடு குழந்தை தினமும் சில மணி நேரம் இருக்க வேண்டும், கூட ஏதாவது வேலை செய்ய வேண்டும். பட்டை உரிப்பது, பெட்டி தைப்பது, தோல் பிசைவது போன்ற வேலைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவற்றைச் செய்யத் தெரிந்த பெண்கள்தான் பெரும்பாலும் மொழியும் தெரிந்தவர்கள். பயிற்சி வகுப்புகளைச் சீன மொழியில் நடத்தாமல் ஒரோச்சென்னிலேயே நடத்தினால் ஒரே செலவில் இரண்டும் கிடைக்கும்.

தமிழிலிருந்து கொண்டு நான் கற்றுக்கொள்ள முடியுமா?

முழுமையாகப் பேசக் கற்க வழி குறைவு. பாடநூல்கள் பெரும்பாலும் சீனத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒலியியல், இலக்கணம் பற்றிய கட்டுரைகள் உண்டு. ஆழமாக நுழைய விரும்பினால் எவங்கியிலிருந்து தொடங்குவது நல்லது. ரஷ்யாவில் அதற்கு எழுத்து, அகராதி, பாடநூல் எல்லாம் இருக்கின்றன, அங்கே கற்ற இலக்கணம் பெருமளவு இங்கேயும் உதவும். தேடும்போது சீன எழுத்தில் இனப்பெயரைப் போட்டுத் தேடுங்கள், பாட்டும் முதியவர்களின் பேச்சும் கொண்ட காணொளிகள் அப்போதுதான் கிடைக்கும். முதலில் எண்களைக் காதால் கேளுங்கள். இலானையும் நதானையும் அடையாளம் கண்டுகொண்டால், அடுத்து உருபுகளின் உயிர் மாறுவதைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.